கையேந்துவதற்கு முன்

உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தினமும் தமிழில்தான் ஓதுவார். அரபு எழுத்தில் அச்சடித்த தமிழ் அது. அரபுத் தமிழ் என்போம். ஓரம் உதிர்ந்த அந்த முனாஜாத்துப் புத்தகத்தை, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பாயை மடிக்காமலே விரித்துக்கொள்வார். ஓதி முடித்துக் கையேந்தினால் பெயர்கள் வரிசையாக வரும். மவுத்தானவர்கள் முதலில், கடல் தாண்டிப் பிழைக்கப் போன பிள்ளைகள் அடுத்து, பிறகு பக்கத்து வீட்டு நோயாளி, குழந்தை இல்லாத மீன்காரி. அவருடைய முழங்கால் வலிக்கு வரிசையில் கடைசி இடம்தான். சில நாள் அதுவும் கிடைக்காது. "உங்களுக்குக் கேட்க மாட்டீங்களா?" என்றேன் ஒருநாள். "அடுத்தவங்களுக்கு நீ கேளு வாப்பா, உனக்கு மலக்கு கேட்கும்" என்றார்.

அது அவர் சொந்தமாகச் சொன்னதல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எதிரில் இல்லாத சகோதரனுக்காக ஒருவர் துஆ செய்தால், அதே நன்மை உனக்கும் ஆகட்டும் என்று ஒரு வானவர் ஆமீன் சொல்வதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி இருக்கிறது. அறிவிப்பவர் அபூதர்தா. ஹதீஸ் நூல் எதையும் கையில் எடுத்திராத ஒரு பெண்ணின் விடியற்காலைக்குள் அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது? துஆ நூல்களின் நெடிய வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது இந்தக் கேள்வியால்தான். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. இந்த மரபின் தலையாய நூல்கள், என்ன கேட்கலாம் என்பதைவிடக் கேட்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதிலேயே கண்ணாக இருக்கின்றன.

வேர் குர்ஆனில் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைப் பற்றிய வசனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவே 186ஆம் வசனம் துஆவைப் பேசுகிறது. நபியிடம் மக்கள் எதையாவது கேட்டால், "நபியே, நீர் சொல்வீராக" என்ற கட்டளையோடு பதில் வருவதுதான் குர்ஆனின் வழக்கம். என் அடியார்கள் என்னைப் பற்றிக் கேட்டால் என்று தொடங்கும் இந்த இடத்தில் அந்தச் 'சொல்வீராக' இல்லை. அருகில் இருக்கிறேன் என்று இறைவனே நேராகப் பதில் தருகிறான். விரிவுரையாளர்கள் இந்த இல்லாத சொல்லைப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நெகிழ்ந்ததில் வியப்பில்லை.

துஆத் தொகுப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, கர்பலாப் போரில் உயிர் தப்பிய இமாம் ஸைனுல் ஆபிதீன் பெயரில் வழங்கும் 'அஸ்ஸஹீஃபத்துஸ் ஸஜ்ஜாதிய்யா'. 54 துஆக்கள். பெற்றோருக்கு ஒன்று, அண்டை வீட்டாருக்கு ஒன்று, கடன் அடைய ஒன்று. இருபதாவது துஆவுக்கு 'மகாரிமுல் அக்லாக்' என்று பெயர், உயர்ந்த குணங்கள் என்று பொருள். தன்னை ஏமாற்றியவனுக்கு நேர்மையாலும், விலகிப் போனவனுக்கு உறவாலும், புறம் பேசியவனுக்கு அவனைப் பற்றி நல்லது சொல்வதாலும் ஈடு செய்யும் மனம் அதில் கேட்கப்படுகிறது. மக்கள் நடுவில் ஒரு படி உயரும்போதெல்லாம் தன் மனதுக்குள் அதே அளவு தாழ வேண்டும் என்றும் கேட்கிறார். 680இல் அந்தக் கர்பலாவில் தன் கண்ணெதிரே குடும்பம் வெட்டுண்டதைப் பார்த்தவரின் பெயரில் வழங்கும் வேண்டுதல் இது. ஷியாக்கள் உயிராகப் போற்றும் இந்நூலைச் சுன்னத்து ஜமாஅத்து வீடுகளில் அதிகம் பார்க்க முடியாது. நமக்குத்தான் இழப்பு.

பதினோராம் நூற்றாண்டில் ஹிராத்தின் அப்துல்லாஹ் அன்ஸாரி பாரசீகத்தில் எதுகை பூண்ட உரைநடையில் முனாஜாத்துகள் படைத்தார். அவருக்குப் பிந்திய இமாம் கஸ்ஸாலி (1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' எழுதினார். நாற்பது பாகம் கொண்ட அந்த நூலில் ஒன்பதாவது, திக்ருக்கும் துஆவுக்கும் உரியது. துஆவுக்குப் பத்து ஒழுக்கங்களை அவர் அடுக்குகிறார். நேரம் பார்த்துக் கேள், குரலைத் தாழ்த்து, உறுதியோடு கேள், அவசரப்படாதே. வலிந்து எதுகை கட்டாதே என்பதும் அதில் ஒன்று. அடங்கிக் கெஞ்ச வேண்டிய இடத்தில் சொல் அலங்காரம் எதற்கு என்பது அவர் கவலை. அன்ஸாரியின் சந்தத்தை நேசிக்கிற எனக்கு முதலில் இது சுருக்கென்றது. தானாக வந்து அமையும் ஓசையை அவர் தடுக்கவில்லை என்று கண்டதும்தான் ஆறுதல். பத்தாவது ஒழுக்கத்தை உள்ளத்தின் ஒழுக்கம் என்கிறார்: தவ்பா செய், பிறரிடம் அநியாயமாகப் பெற்றதைத் திருப்பிக் கொடு, பிறகு கேள். துஆ ஏற்கப்படுவதற்கு வேர் இதுதான் என்பது அவர் தீர்ப்பு. உணவும் உடையும் ஹராமாக இருக்க, புழுதி படிந்த தலையோடு வானத்தை நோக்கிக் கையை உயர்த்தும் பயணியைப் பற்றிய நபிமொழியும் இதையே சொல்கிறது.

விதிதான் முன்பே எழுதப்பட்டுவிட்டதே, கேட்டு என்ன ஆகப் போகிறது? இந்தப் பழைய கேள்வியையும் கஸ்ஸாலி ஒதுக்கவில்லை. அம்பைத் தடுக்கக் கேடயம், பயிர் முளைக்கத் தண்ணீர். அதுபோல் துன்பம் விலகத் துஆ. காரணமும் விதிக்குள் அடக்கம் என்கிறார். விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் எந்த விவசாயியும் விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை.

தமிழுக்கு வருவோம். கிஸ்ஸா, மசலா, நாமா என்று முஸ்லிம்கள் தமிழுக்குக் கொண்டுவந்த இலக்கிய வகைகளில் முனாஜாத்தும் ஒன்று. இறைவனிடம் தனித்திருந்து பேசுவது என்று பொருள். சீறாப்புராணத்துக்குக் கிடைத்த ஆய்வுக் கவனத்தில் சிறு பங்குகூட இந்தக் குறுநூல்களுக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. காப்பியம் அரங்கேறியது, முனாஜாத்து அடுப்படியிலும் தொட்டிலடியிலும் ஓதப்பட்டது. தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓர் இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள். ஒரு தமிழ் நூல் மொத்த ஊரின் தொண்டையில் உயிரோடு இருப்பதை அங்கே கேட்கலாம். குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) கண்ணிகளோ மதம் கடந்து பரவின. கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா (1868–1948) தனிமையில் இருந்து பாடியவை 'மெய்ஞ்ஞான தீப இரத்தின'மாக அச்சேறின. அதே கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிக் குவித்ததால்தான், மார்க்கச் செய்தி தமிழெழுத்து அறியாத பெண்களின் பாய்வரைக்கும் போனது. உம்மம்மாவின் மலக்கும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அரபு நாட்டுத் தெருக்களில் விற்ற மலிவுத் துஆப் புத்தகங்களைச் சேகரித்துப் படித்த கான்ஸ்டன்ஸ் பாட்விக், 1961இல் அவற்றைக் கொண்டே ஒரு நூல் செய்தார். கிறிஸ்தவ ஊழியராகப் போனவர் அவர். அறிஞர்கள் குனிந்து எடுக்காத தாள்களை அவர் எடுத்தார். தமிழில் அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். வருகிறவர் சீக்கிரம் வர வேண்டும்.

இன்று நம் சட்டைப் பையில் இருப்பது அல்கஹ்தானியின் 'ஹிஸ்னுல் முஸ்லிம்'. ஆதாரம் பார்த்துத் தொகுத்த, கைக்கு அடக்கமான, மிகப் பயனுள்ள நூல். தூங்கி எழுந்தால் இது, வாகனம் ஏறினால் இது என்று உடனே எடுத்துத் தரும். ஆனால் கஸ்ஸாலி முன்னும் பின்னும் சேர்த்துச் சொன்ன மனப் பக்குவத்துக்குக் கையடக்க நூலில் இடம் இருக்காது. அவ்லியாக்களை முன்னிட்டுக் கேட்கலாமா கூடாதா என்று நம்மூரில் பல்லாண்டாக நடக்கும் வாதத்திலும் அந்தப் பக்குவம் காணாமல் போனது. யாரை முன்னிட்டு என்பதற்குச் செலவிட்ட மேடைகளில் பாதியையாவது, யாருடைய பணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

உம்மம்மா மவுத்தான அன்று பள்ளிவாசலில் ஜனாஸா வைக்கப்பட்டதும் மாமா முன்னே வந்து நின்றார். வழக்கமான அறிவிப்புதான்: மையித்துக்கு யாரோடாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு. மூன்றாவது ஸப்பில் இருந்து மளிகைக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "நாற்பது ரூபாய் பாக்கி. நான் ஹலால் ஆக்கிட்டேன்" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. ஸப்புகளை விலக்கிக்கொண்டு போய், சட்டைப் பையில் இருந்து நான்கு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து அவர் கையில் வைத்தார். திரும்பி வந்து நின்ற பிறகுதான் இமாம் தக்பீர் கட்டினார்.