மரீ தாக்லியோனியும் பாலேயின் பள்ளிகளும்

ஆடுபவரின் பாரம் தெரியக் கூடாது என்பதைப் பாலே தன் தலையாய தகுதியாக வரித்துக்கொண்டதற்கு ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால், 1832 மார்ச் 12ஐச் சொல்லலாம். அன்றுதான் பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியது. வெண்ணிற மஸ்லின் உடையில் காற்றுத் தேவதையாக ஆடியவர் மரீ தாக்லியோனி. ஆட்டத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ.

1804இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த மரீக்கு அக்கால மேடை விரும்பிய உடல்வாகு இல்லை. கைகள் நீளம், முதுகில் லேசான கூன். பாரிஸில் பெற்ற பயிற்சி போதாது என்று கண்ட தந்தை, வியன்னாவில் தாமே பயிற்றுவித்தார். 1822 அரங்கேற்றத்துக்கு முன் பல மாதங்கள், நாளுக்கு ஆறு மணி நேரம் சாதகம் நடந்தது. கால்களுக்குத் தனியாக, நிலைகளுக்குத் தனியாக, தாவல்களுக்குத் தனியாக. ஒரு நிலையில் நின்றால் நூறு எண்ணும்வரை அசையக் கூடாது. நீண்ட கைகளை வளைத்து, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து, உடலைச் சற்றே முன்னால் சாய்த்து மகளின் குறையை மறைத்தார் பிலிப்போ. இன்று ரொமான்டிக் பாணி என்று பள்ளிகள் கற்றுத்தரும் சாயலே அது. ஒருத்தியின் உடலுக்காகக் கண்ட பரிகாரம் ஒரு மரபுக்கே இலக்கணமாகிவிட்டது.

விரல்நுனியில் நின்ற முதல் நர்த்தகி அவர் அல்லர். முன்பு சிலர் வித்தையாகக் காட்டியதை அவர் பாவமாக்கினார். அதுவும் கெட்டியான முனையில்லாத, நூலோட்டி உரமேற்றிய சாட்டின் செருப்பில்!

அவருக்கு எதிர்த்துருவம் வியன்னாவின் ஃபானி எல்ஸ்லர். தரையில் ஊன்றி, இடையும் கண்ணும் பேச ஆடியவர். 1836இல் ‘கச்சூச்சா’ நடனம் ஆடிப் பாரிஸை மயக்கினார். இருவரையும் ஒப்பிட்டு எழுதிய விமர்சகர் கோத்தியே, 1838இல் திருவஹீந்திரபுரத்திலிருந்து பாரிஸ் சென்று ஆடிய தேவதாசியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மரீக்கும் ஃபானிக்கும் சிறு சிலை வடித்த பார் என்ற சிற்பி, அத்தேவதாசியரில் அம்மணி என்பவரையும் வடித்தார்.

பிலிப்போ அமைத்த ஆட்டம் வழக்கொழிந்தது. 1836இல் கோபன்ஹேகனில் பூர்னோன்வில் புதிதாக அமைத்த ‘லா சில்ஃபீட்’ மட்டும் அறுபடாமல் வருகிறது. துள்ளும் பாதம், அமைதியான கைகள், முகத்தில் சிரமம் காட்டாத தாவல் ஆகியவை டேனிஷ் பள்ளியின் அளவுகோல்கள். மிலானில் பிளாசிஸ் வளர்த்த இத்தாலியப் பள்ளி உறுதியையும் சுழற்சியையும் போற்றியது. நூற்றாண்டின் இறுதியில் நர்த்தகி லெக்னானி 32 முறை ஒற்றைக்காலில் சுழன்றது அதன் உச்சம். பிரெஞ்சுக்காரர் பெட்டிபா, பூர்னோன்வில்லின் மாணவர் யோஹான்சன், இத்தாலியர் செக்கெட்டி ஆகியோர் வழியே இவை எல்லாம் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் கலந்தன. பாரிஸ் கைவிட்ட ‘ஜிசெல்’ என்ற பாலே பிழைத்ததும் அங்கேதான்.

சுழற்சிகளை எண்ணிக் கைதட்டும் பழக்கம் இந்தக் கலைக்கு நன்மை செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. மரீ வைத்த அளவுகோலுக்கு மிக அருகில் நிற்பது டேனிஷ் பள்ளியே.

ஓய்வுக்குப் பின் பாரிஸ் திரும்பிய மரீ, எம்மா லிவ்ரி என்ற இளம் மாணவியை உருவாக்கினார். ஒத்திகையில் உடையில் தீப்பற்றி, 1863இல் அப்பெண் இறந்தாள். பிற்காலத்தில் லண்டனில் நடனம் கற்பித்துப் பிழைத்த மரீ, 1884இல் மார்செய்யில் காலமானார். 1860 வாக்கில் பாரிஸ் ஓப்பராவில் அவர் கொண்டுவந்த தேர்வுமுறையின் வழிவந்த போட்டியின் வழியே அங்குள்ள நர்த்தகர்கள் நெடுங்காலம் பதவி உயர்வு பெற்றுவந்தார்கள்.