சுவாசப்பைக் குருதிக்கலன்களின் தோற்றம்: வழிகளும் அளவுகோலும்

சுவாசப்பை அரும்பு, கருக்கட்டலிலிருந்து எண்ணும் நான்காம் வாரத்தில் முன்குடலிலிருந்து கிளம்புகிறது. அதைச் சுற்றிய இடைத்தோற்படையில் குருதிக்கலன் வலையும் கூடவே தோன்றுகிறது. ஆறாம் பெருநாடி வில்லும் இடது சோணையறையின் பொது நாளமும் இவ்வலையோடு இணையும் வரலாறு அங்கத்தவர் அறிந்ததே. வலை எங்ஙனம் பிறக்கிறது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

எல்லா வழிகளுக்கும் தாய்வழி லின் ரீட் 1967இல் வகுத்த விதிகள். மூச்சுக்குழாய்க் கிளைப்பு ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் நிறைவுறும்; பெரிய நாடிகள் மூச்சுக்குழாய்களையும் நுண்ணியவை சிற்றறைகளையும் பின்பற்றி வளரும். 1997இல் டிமெல்லோ, ரீட் குழுவினர் சுண்டெலியில் எடுத்த வார்ப்புகளைக் கொண்டு, மையக் கலன்கள் முளைவிட்டு நீள்கின்றன, ஓரத்தில் குருதித் தேக்கங்கள் தாமே உருவாகின்றன, பின் இரண்டும் கூடுகின்றன என்றனர். தலைவாய்க்காலை வெட்டிக்கொண்டு வரும்போதே வயலில் தேங்கிய நீரை அதனோடு தொடுப்பது போன்றது இது. 2005இல் ரொட்டர்டாம் குழு, வலை தொடக்கத்திலேயே இணைந்திருக்கிறது, நுனியில் முளைவிட்டே விரிகிறது என மறுத்தது.

இச்சங்கத்தின் மூத்தோர் பற்றிநின்றது ஹோல், ஹிஸ்லொப், ஹவொர்த் ஆகியோரின் இலண்டன் வழி. அவர்கள் மனித முளையத்தையே தொடர் வெட்டுமுகங்களில் பார்த்தார்கள். 34ஆம் நாளிலேயே இதயத்துக்கும் சுவாசப்பை அரும்புக்கும் இடையே குருதியோட்டம் தொடர்ச்சியாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். நாடிச் சுவரின் தசை மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது: முதலில் மூச்சுக்குழாய்த் தசை, அடுத்து சூழ்ந்த இடைத்தோற்படை, இறுதியில் அகவணிக் கலங்கள். ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் விடாது பார்த்த பொறுமைக்குக் கிடைத்த பேறு இது. எந்த உயிர், எந்த நாள், எந்த முறை என்று சொல்லாமல் அவர்கள் ஒரு முடிவும் எழுதவில்லை.

அண்மைத் தமிழ்ப் பாடக்குறிப்புகள் சிலவற்றில் இவ்வொழுங்கு தளர்ந்திருக்கிறது. நல்ல முயற்சிகளும் உண்டு. எவரையும் சுட்டுவது நோக்கமன்று. ஆயினும் சுண்டெலியின் நாளை மனித வாரத்தோடு கலப்பதை எப்படிப் பொறுப்பது? சுண்டெலி சிற்றறையின்றியே பிறக்கிறது. மனித சிசுவுக்கோ 36ஆம் வாரமளவில் சிற்றறை தொடங்கிவிடுகிறது. கருக்கட்டலிலிருந்து எண்ணுவதா, இறுதி மாதவிடாயிலிருந்து எண்ணுவதா என்று கூறாவிட்டால் இரண்டு வாரம் பிழைக்கும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் உயிர்நிலை. ஒரே படம் பெயர் மாறிப் பல குறிப்புகளில் வலம்வருகிறது. மானிப்பாயில் மருத்துவர் கிறீனும் அவர் மாணவரும் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலைத் தந்தபோது இன்றைய வசதி எதுவும் இல்லை. தமிழில் மருத்துவம் கற்போருக்கு முழு நூல் வேண்டும் என்ற உறுதி இருந்தது. கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும் காலத்தில், மூலத்தைத் திறந்துபாராமல் எழுதுவது அந்த உழைப்புக்கு இழுக்கு; கற்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இனி மனிதக் கருவில் இவ்வலையின் பிந்திய வளர்ச்சிக்கு வருவோம். ஏறக்குறைய 16 முதல் 26 வாரம்வரை மயிர்த்துளைக்குழாய்கள் மேலணியை நெருங்குகின்றன; வாயுப் பரிமாற்றம் இயலக்கூடியதாகிறது. பின்னர் தோன்றும் பைகளின் சுவர்களில் இரட்டை வலை அமைகிறது. நாடிச் சுவர் தடித்தே இருப்பதால் சுவாசப்பைக்குச் செல்லும் குருதி குறைவு. இறுதி மாதவிடாயிலிருந்து எண்ணினால், இதயம் வெளியேற்றுவதில் 20ஆம் வாரத்தில் சுமார் 13 சதவீதமும் 30ஆம் வாரத்தில் 25 சதவீதமும் அங்கே செல்கின்றன. சுவாசப்பை நாடித்தண்டில் எஞ்சுவது நாடிக்கானூடாகத் தொகுதிப் பெருநாடியை அடைகிறது.