நாணின்மையும் ‘பிரேசன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும்

‘ஷேம்லெஸ்’, ‘பிரேசன்’ என்னும் இரண்டிற்கும் ‘வெட்கமற்ற’ என்று ஒரே பொருள் எழுதி அமைகின்றனர் நம் மாணவர். ஆங்கில வாக்கியமொன்றைப் பொருள் கொள்ள அது போதும். திருக்குறளை ஆங்கிலத்திற் சொல்லப் புகுவார்க்கோ போதாது.

‘பிரேசன்’ என்பது முதலிற் பித்தளை முதலிய செப்புக் கலவையால் ஆயதையே குறித்தது. பதினாறாம் நூற்றாண்டளவிற் பழிக்கு நாணாத முகத்திற்கும் ஆயிற்று. பித்தளை முகம் சிவவாது. எதிர்நிற்பார் கண்ணிற் பளபளக்கும். ஆகவே, இச்சொல்லில் நாணின்மை முகத்தின்கண் நிகழ்வது. காண்பார் ஒருவரை வேண்டி நிற்பது. கப்பற் பித்தளை உப்புக் காற்றிற் களிம்பேறுவதையும், ஓயாது தேய்த்தே ஒளி பெறுவதையும் துறைமுகத்தாராகிய நாம் அறிவோம். சொல்லை ஆக்கியோர் அதனையும் எண்ணினரோ என்னவோ!

வள்ளுவர் காட்டுவது மரம். நாணுடைமை அதிகாரத்தின் ஈற்றுக் குறள், அகத்தே நாணில்லாதார் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவைக்கு ஒப்பிடுகின்றது. ‘நாண்’ என்பது வெட்கத்திற்கும் பெயர், கயிற்றிற்கும் பெயர். உள்நாண் இல்லாதவனைப் புறநாண் இயக்குகின்றது. பித்தளை முகத்தானுக்குத் துணிவேனும் உண்டு. பாவைக்கோ உயிரே இல்லை. ஆங்கிலச் சொல்லின் இகழ்ச்சியினும் குறளின் இகழ்ச்சி கடிது. ‘ஷேம்’ என்னுஞ் சொற்கொண்டு இச்சிலேடையைப் பெயர்த்தல் அரிது. போப்பையர் 1886இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் மூலத்தைக் கரும்பலகையில் எழுதியே தீரவேண்டும்.

இனி, 114ஆம் அதிகாரமாகிய நாணுத்துறவுரைத்தல். மடலேறத் துணிந்த தலைவன், நாணும் நல்லாண்மையும் தனக்கு முன்பு இருந்தன என்கின்றான். இவனை ‘ஷேம்லெஸ்’ எனல் பிழை. ‘லெஸ்’ என்னும் ஈறு இன்மையை மட்டுமே சொல்லும். என்றும் இல்லாதிருந்ததோ, இருந்து கெட்டதோ, அருமை அறிந்தே விடப்பட்டதோ என வேறுபடுத்தாது. துறவு உடையவனுக்கே கூடும். போப் தம் தலைப்பிற் கைவிடுதலைக் குறிக்குஞ் சொல்லை இட்டது பாராட்டத்தக்கது. ஆயின், 102ஆம் அதிகாரத்தில் ‘ஷேம்’ என்றவர், இங்கே நாணை ‘ரிசர்வ்’ என்றார். ஆங்கில வழியே குறள் கற்பார்க்கு இரண்டிலும் வருவது ‘நாண்’ என்னும் ஒரே சொல் என்பது புலனாகாது.

செயலுக்கு நாணுதல் வேறு, மகளிர் நாணம் வேறு என்று வள்ளுவரே 102ஆம் அதிகாரத்தின் முதற் குறளிற் பிரித்தாரன்றோ எனின், உண்மை. தலைவி கூற்றுக்களுக்கு ‘ரிசர்வ்’ பொருந்தவுங் கூடும். மடலேறுவோன் விடுவதோ மகளிர் நாணம் அன்று. ஊர் அறியத் தான் செய்யப்போகும் செயலுக்கு நாணும் நாணே அது. அவ்விடத்தில் ‘ஷேம்’ என்றே ஆண்டிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.