சாபச் சங்கிலியும் அறத்தெரிவும்: சிலப்பதிகாரத்தையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் முன்வைத்து

முன்னுரை

பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 272 படிகளையும் காவடி சுமந்து ஏறுவோரிடம் நேர்த்திக்கடனுக்குரிய காரணத்தை வினவின், தீரா நோய், தொடர் இழப்பு, இளவயது மரணம் என்பனவற்றோடு 'குடும்பச் சாபம்' என்ற சொல்லும் சிலபோது வெளிப்படக் கேட்கிறோம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் கிறித்தவரிடையேயும் இச்சொல் வழங்காமல் இல்லை. சமயம் வேறாயினும் துன்பத்திற்கு விளக்கம் தேடும் மனம் ஒன்றே. துன்பத்தையும் இறப்பையும் சாபத்தின் விளைவாகக் கொண்டால், மனிதன் நன்மையைத் தானே தெரிந்து செய்வதற்கு இடமுண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. இதனை இரு தமிழ்க் காப்பியங்களின் துணைகொண்டு நோக்குவோம்.

நீலியின் சாபம்

கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்ததை அனைவரும் அறிவர். அச்சினத்திற்கு முன்னரே ஒரு சாபம் இருந்ததை மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் கூறுகிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பானாய்ச் சிங்கபுரத்தில் வாழ்ந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலமந்து, மலையேறி, தனக்கு நேர்ந்த துயரம் அதனைச் செய்தோர்க்கும் நேர்க எனச் சபித்து வீழ்ந்தாள். பதினான்கு நாள் கழித்துக் கண்ணகியும் ஒரு குன்றிலேயே கணவனைச் சேர்கிறாள். அக்குன்று நெடுவேள் குன்றம், அதாவது முருகனுக்குரிய மலை. நீலியின் மலையில் தொடங்கிய சங்கிலி முருகனின் மலையில் முடிகிறது.

இவ்வமைப்பைக் கொண்டு, கோவலன் இறப்பு முழுவதும் ஊழே என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு எமக்கு உடன்பாடன்று. பொற்கொல்லன் பொய்யுரைத்ததையும் மன்னன் ஆராயாது ஆணையிட்டதையும் இளங்கோவடிகள் சாபத்தின் நிழலில் மறைக்கவில்லை. பாண்டியனும் ஊழின்மேல் பழி போடவில்லை. தன் பிழையை உணர்ந்த அளவிலே உயிர் துறக்கிறான். கண்ணகியும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீத்திறத்தாரையே தீ சேருமாறு பணிக்கிறாள். சாபத்தின் நடுவிலும் தெரிவு நிகழ்கிறது என்பதே காப்பியம் காட்டும் உண்மை.

சபிக்காத வாய்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனில் ஆழ்ந்த புலமையுடையவர். அவரது இரட்சணிய யாத்திரிகம் (1894), ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. அழிவுக்குரிய நகரில் வாழும் ஒருவன் முதுகில் பாவச்சுமையோடு புறப்பட்டு, சிலுவையருகே அச்சுமை நீங்கப் பெறுவது பனியன் கதையின் மையம். சுமையேந்தி மலையேறும் மரபைக் கண்முன் காணும் நமக்கு இவ்வுருவகம் அயலானதன்று.

ஆயினும் இக்கதையமைப்பில் ஒரு குறையுண்டு. பனியனின் முதற்பகுதியில் (1678) பயணி மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். அவர்களின் பயணம் 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதிக்கே உரியதாகிறது. சாபத்திற்குட்பட்ட ஊரை விட்டுத் தப்புவது மட்டும் அறமாகுமா? இவ்வினாவுக்குரிய விடையைக் கிருஷ்ணபிள்ளை தாமே சேர்த்த பகுதியில் காண்கிறோம். பனியன் தனியே விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளை அவர் குமார பருவத்தில் விரிவாகப் பாடுகிறார். அங்கு, கயிற்றால் பிணித்து இகழ்ந்தவர்மீது இயேசு சினக்கவில்லை. அறியாது செய்யும் அவர்தம் பிழையைப் பொறுக்குமாறு தந்தையை வேண்டுகிறார்.

கோவலனைப் போலவே இயேசுவும் குற்றமின்றி ஆட்சியாளன் ஆணையால் கொல்லப்பட்டவர். ஆனால் இங்கே எந்த ஊரும் எரியவில்லை. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்பது மோசேயின் சட்டம் (உபாகமம் 21). கிறிஸ்து நமக்காகச் சாபமானார் எனப் பவுல் எழுதுவது (கலாத்தியர் 3) இதனை அடியொற்றியே. சாபத்தைப் பிறர்மீது ஏவாது தம்மேல் ஏற்பதால் சங்கிலி அறுபடுகிறது.

மன்னிப்பும் நீதியும்

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. சபிக்காதே எனத் துன்புற்றவரிடம் கூறுவது, வாய் திறவாதே எனக் கூறுவதாகாதா? இம்மறுப்பு வலியது. 1942-43இல் சயாம்-பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அதனைச் சமூகத்தின் சாபக்கேடு எனல், பட்டினிக்கும் நோய்க்கும் அவர்களை இரையாக்கிய சப்பானிய இராணுவ ஆட்சியின் பொறுப்பை மறைப்பதாகும். மன்னிப்பின் பெயரால் அக்கொடுமையைப் பேசாதிருத்தலும் தவறே. கண்ணகி வாயிலில் நின்று வழக்குரைத்தது இன்றியமையாத செயல்.

விவிலியமும் இதற்கு மாறன்று. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெண்மர் இறந்தபோது, அவர்கள் மற்றையோரினும் பாவிகள் அல்லர் என்றே இயேசு கூறுகிறார் (லூக்கா 13). இறந்தோர்மீது பழி சுமத்தாது, உயிரோடிருப்போரை மனந்திரும்ப அழைக்கிறார். உபாகமம் 30ஆம் அதிகாரமும் ஆசியையும் சாபத்தையும் முன்வைத்து, வாழ்வைத் தெரிந்துகொள்ளுமாறே பணிக்கிறது. 'யார் சபித்தார்' என்ற வினா கடந்த காலத்தை நோக்குவது. 'இனி யாது செய்வது' என்பதே அறத்தின் வினா.

முடிவுரை

கண்ணகி நீதியைக் கேட்கக் கற்பிக்கிறாள். கிருஷ்ணபிள்ளையின் இயேசு பழியைத் தொடராதிருக்கக் கற்பிக்கிறார். ஒன்றைப் பயிற்றும்போது மற்றதை விடுதல் ஆகாது என்பதே எமது துணிபு. ஆகவே வகுப்பறையில் வழக்குரை காதையையும் குமார பருவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றுதல் நலம். தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப்பந்தல் அமைப்போர், வருபவர் எச்சாபத்தால் வருந்துகிறார் என வினவுவதில்லை. தாகமுற்றவர்க்கு நீரும் மோரும் வழங்குகின்றனர். இரு காப்பியங்களையும் பயிலும் மாணவர் இச்செயலின் பொருளை எளிதில் உணர்வர்.