ஹூண்டாய்க்கு ஒரு வேன் வேணுமா?

போன மாசம் குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேர் போனோம். உறவினர் ஒருவருடைய ஏழு சீட் எஸ்யூவி. கடைசி வரிசைக்கு மாட்டியது சின்னம்மா. திருச்செங்கோடு வந்து இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் வூட்டப் பாத்துக்கறேன்."

அன்றைக்குத்தான் ஹூண்டாய் பற்றிய என் பழைய குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன். 2012 டெல்லி கண்காட்சியில் 'ஹெக்ஸா ஸ்பேஸ்' என்ற எட்டு சீட் மாதிரியை இந்த நிறுவனம் காட்டியது. விற்பனைக்கு வரவில்லை. அதே வருஷம் வந்த மாருதி எர்டிகா இன்றைக்கும் ஓடுகிறது. ஹூண்டாய் 2021இல் கொடுத்தது அல்கசார், அதாவது நீட்டப்பட்ட கிரெட்டா.

அளவைப் பாருங்கள். அறிமுகமானபோது அல்கசார் நீளம் 4500 மி.மீ., எர்டிகா 4395. சக்கர இடைவெளி 2760, எர்டிகாவில் 2740. இரண்டிலுமே அல்கசார்தான் பெரிது. ஆனால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார எர்டிகாவின் கடைசி சீட்தான் தேவலை என்பேன். எஸ்யூவி தோற்றத்துக்கு நீளமான பானெட் வேண்டும், தரையும் உயர வேண்டும். தரை உயர்ந்து சீட் உயராவிட்டால் முட்டி நெஞ்சுக்கு வந்துவிடும். மில்லிமீட்டர் எங்கே செலவானது என்பதுதான் விஷயம்.

இதற்கு மூன்று பதில்கள் வரும். முதலாவது, எம்பிவி என்றால் மஞ்சள் போர்டு வண்டி. இருக்கட்டுமே, இன்னோவாவும் டாக்சிதான், வீட்டு வாசலிலும் நிற்கிறது. இரண்டாவது, அதே குழுமத்தின் கியாவிடம் 2022 முதல் கேரன்ஸ் இருக்கிறதே. அது கியா ஷோரூமுக்குப் போகிறவருக்கு. ஹூண்டாய் ஷோரூமில் நிற்பவருக்கு என்ன பதில்? மூன்றாவது, வேன் விற்காது. இதற்கு ஓரகடத்தில் செய்த நிசான் எவாலியாவைக் காட்டுவார்கள். சறுக்குக் கதவு, ஏற இறங்க வசதி, எல்லாம் சரி. ஆனால் நடுவரிசைக் கண்ணாடியை இறக்க முடியாது. நம்ம ஊர் வெயிலில்! அது விற்காததை வைத்து வேனே விற்காது என்று முடிவு கட்ட முடியாது.

2025 அக்டோபரில் ஹூண்டாய் எம்பிவி பிரிவில் நுழையப் போவதாக அறிவித்தது. நல்லது. கிரெட்டாவையே இன்னொரு தடவை நீட்டினால் மட்டும் வேண்டாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ சின்ன வண்டிதான். கூரை உயரம், சீட்டும் உயரம், புடவை கட்டியவர் குனியாமல் ஏறலாம். அந்தப் பாடம் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

மென்பொருள் வேலையில் அபூர்வமாக வருவதை 'எட்ஜ் கேஸ்' என்று ஒதுக்குவோம். ஏழாவது ஆள் எட்ஜ் கேஸ் இல்லை, அவருக்காகத்தான் ஏழு சீட்டே வாங்குகிறோம். வடிவமைப்பை முடிவு செய்யும் முன் அறுபது வயசு அம்மா ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து இங்கேயிருந்து பழனி வரை போய்வரட்டும். இறங்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாலே போதும்.