தொப்பியும் கிரீடமும்
கலைஞர் உடைகளைச் சேகரித்தல் பற்றிய ஒரு நோக்கு

திரைப்பட நடிகர் அணிந்த உடைகளையும் அவர்தம் கையொப்பம் தாங்கிய பொருள்களையும் தேடிச் சேர்க்கும் வழக்கம் மேலைநாடுகளில் பெருவணிகமாக வளர்ந்துள்ளது. பழைய ஹொலிவூட் நகைச்சுவைப் படங்களின் உடைகளுக்கு அவ்வணிகத்தில் தனியிடம் உண்டு. இதனைச் செல்வர்தம் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமூகம் தன் கலைஞரிடமிருந்து எதனைக் காக்கின்றது, எதனைக் கைவிடுகின்றது என்ற வினா இவ்வழக்கத்தினுள் அடங்கியிருக்கின்றது. பதுளை மாவட்டத் தோட்டங்களின் கூத்துடைகளைப் பேணுதல் பற்றிச் சிந்திப்போர் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

ஹொலிவூட் நிறுவனங்கள் தம் பழைய உடைகளைத் தொடக்கத்தில் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. ஒரு படத்துக்குத் தைத்த ஆடை வெட்டித் திருத்தப்பட்டு மற்றொரு படத்துக்குப் பயன்பட்டது. 1970ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம் தன் களஞ்சியத்திலிருந்த உடைகளையும் மேடைப் பொருள்களையும் ஏலத்தில் விற்றது. அவற்றுட் பலவற்றை வாங்கியவர் நடிகை டெபி ரெனோல்ட்ஸ். அவற்றைக் கொண்டு ஒரு நூதனசாலை அமைக்க அவர் பல்லாண்டுகள் முயன்றார், முயற்சி நிலைக்கவில்லை. ஈற்றில், 2011இல் அவருடைய தொகுப்பும் ஏலத்துக்கு வந்தது. 1955இல் வெளிவந்த நகைச்சுவைப் படமான ‘த செவன் இயர் இட்ச்’சில் மர்லின் மன்றோ அணிந்த வெண்ணிற ஆடை 46 இலட்சம் டொலருக்குக் கேட்கப்பட்டது. மறு ஆண்டு, சார்லி சப்ளினுடையவை எனப்பட்ட தொப்பியும் கைத்தடியும் லொஸ் ஏஞ்சல்ஸ் ஏலமொன்றில் 62,500 டொலருக்கு விலைபோயின.

இவ்விலை துணிக்குரியதன்று, புகழ்பெற்ற உடலொன்று அதனைத் தொட்டது என்ற நம்பிக்கைக்கே உரியது. ஆதலால் இவ்வணிகத்தில் பொருளினும் சான்றிதழே முதன்மை பெறுகின்றது. தொப்பி உண்மையானதாயினும் சான்று இல்லையேல் அது பழந்தொப்பியே. கையொப்பமும் அத்தகையதே. அது நடிகரின் கலையைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. அவர் ஒருகணம் பேனா பிடித்ததை மட்டுமே கூறுகின்றது. மன்றோவின் ஆடையை வடிவமைத்த டிரவிலாவின் பெயர் வரலாற்றில் உள்ளது. நடிகரும் வடிவமைப்பாளரும் பெயர் பெற்ற அளவுக்கு, ஊசி பிடித்த தொழிலாளர் பெயர் பெறுவதில்லை.

சப்ளினின் உடை இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1914இல் கீஸ்டோன் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய நாடோடிப் பாத்திரத்தின் உடை, தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேலங்கி, சிறிய தொப்பி, பெரிய சப்பாத்து என ஒன்றுக்கொன்று ஒவ்வாதவற்றின் சேர்க்கையாகும். கனவானின் தோரணையும் வறியவனின் வறுமையும் அதில் மோதுகின்றன. நகைப்பு அம்மோதலிற் பிறக்கின்றது. அவ்வாறான உடையை எவரும் எளிதிற் கூட்டிக்கொள்ளலாம். மறு ஆண்டே அமெரிக்க நகரங்களிற் சப்ளினைப் போல வேடமிடுவோர் பெருகியமையும் இதனாலேயே. யாவரும் அணியக்கூடியதாய்ப் பிறந்த உடையே, எவரும் அணியமுடியாத கண்ணாடிப் பெட்டிப் பொருளாக ஏலக்கூடத்தில் முடிகின்றது. அங்கு பாதுகாக்கப்படுவது சப்ளினின் நகைச்சுவையன்று, அவருடைய உடைமை என்க.

ஊவாத் தோட்டங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, ஹப்புத்தளை எனப் பரந்த தோட்டப்புறங்களில் மாசி மாதக் காமன் கூத்து தலைமுறைகளாக வாழ்ந்து வருவது. பிறை கண்டபின் காமன் ஊன்றப்படும். முழுநிலவையொட்டித் தகனம் நிகழும். காப்புக் கட்டிய இளைஞர் மதனாகவும் ரதியாகவும் ஆடுவர். தப்பின் ஓசைக்கு அவர்தம் கிரீடமும் புஜக்கட்டும் தீவெளிச்சத்தில் மினுங்கும். அவை பெரும்பாலும் மரம், அட்டை, மினுக்குத் தாள், கண்ணாடித் துண்டு என்பவற்றாலானவை. கோமாளிக்கோ கையில் அகப்பட்ட பழந்துணியே போதும். இவ்வணிகலன்கள் ஆடியவரின் சொத்தல்ல. அவ்வாண்டு அப்பாத்திரத்தை ஏற்றவருக்கு உரியவை. கிழிந்தது புதிதாக ஒட்டப்படும். மங்கியது மீண்டும் பூசப்படும். அவற்றிற் கையொப்பம் இல்லை. யார் செய்தார் என்ற குறிப்பும் இல்லை.

இதனை மக்கட் கலையின் பெருந்தன்மை எனப் போற்றி அமைவோரும் உளர். கடதாசிக் கிரீடம் அழிவதற்கே செய்யப்பட்டது, அதனைச் சேகரித்தல் அதன் இயல்புக்கு மாறு என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தோட்டக் கலைஞர் பெயரின்றிப் போனமை அவர் விரும்பி ஏற்ற துறவு அன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் ஒரு குடும்பமே நெருங்கி வாழும்போது கிரீடத்துக்கு இடம் ஏது? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. ஆசான் ஒரு கரையிலும் மாணாக்கன் மறு கரையிலுமாகப் பிரியும்போது கூத்து மரபு தளர்வது இயல்பே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிற்று. மனிதரையே காக்கத் தவறிய அமைப்பு அவர்தம் பொருள்களைக் காத்திருக்கும் என எதிர்பார்த்தல் வீண்.

பேணுதல் இயலாததன்று என்பதற்கும் சான்றுகள் உள. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். இல்லையேல் அவற்றுட் பல பாடியவரோடு மறைந்திருக்கும். கண்டி ஹந்தானையின் தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் தோட்ட முன்னோடிகளின் நினைவுகளையும் காட்சிப்படுத்துகின்றது. கம்பளைக்கு அண்மையில் தொழிலாளர் வாழ்வுக்கெனவே ஒரு நூதனசாலை லய அறைகளில் அமைக்கப்பட்டது. முன்னதிலும் பின்னதே மலையகச் சேகரிப்பாளருக்கு உரிய வழியைச் சுட்டுகின்றது எனலாம்.

ஆகவே, பதுளையில் கூத்துடைத் தொகுப்பொன்று உருவாகுமாயின் அது ஏலக்கூடத்திடமிருந்து ஒன்றை மட்டும் கற்றல் தகும்: பெயரைப் பதிதல். ஆனால் அணிந்தவரின் பெயர் மட்டும் போதாது. கிரீடத்தைச் செய்தவர், அதனைச் செய்யக் கற்பித்தவர், ஆட்டம் பழக்கிய மாஸ்டர், ஆடிய தோட்டம், ஆண்டு ஆகிய யாவும் பதியப்படல் வேண்டும். செய்முறையும் எழுதப்படல் வேண்டும். அணியும் நிலையில் உள்ளவை மாசி பிறந்ததும் பெட்டியிலிருந்து வெளிவந்து, கேட்கும் தோட்டத்துக்குக் கொடுக்கப்பட்டு, தகனம் முடிந்தபின் திரும்புதல் வேண்டும். திரும்பும்போது ஒரு கண்ணாடித் துண்டு உதிர்ந்திருக்கலாம். அதனைத் திரும்ப ஒட்டத் தெரிந்தவர் ஒருவர் அத்தோட்டத்தில் இருப்பாராயின் அத்தொகுப்பு தன் பணியைச் செய்துள்ளது எனக் கொள்ளலாம்.