கூத்துமாடமும் கருப்புப் பூனையும்

'காபரே' என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில், திரைப்படத்தில் கதைக்குத் தொடர்பின்றி நடுவே வந்துபோகும் நடனமே நம்மவர் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல் மதுச்சாலையைக் குறிப்பது. கவிஞரும் ஓவியரும் இசைவாணரும் அங்கே கூடித் தத்தம் படைப்புகளைப் படித்தும் பாடியும் காட்டத் தொடங்கிய பின்னரே அது ஒரு சிறு நாடக அரங்கின் பெயராயிற்று. அவ்வகை அரங்குகளுள் பெரும்புகழ் பெற்றது, 1881-ஆம் ஆண்டு நவம்பரில் பாரிசு நகரின் மோன்மார்த்தர் பகுதியில் உரொதோல்ஃப் சாலீஸ் என்பார் திறந்த 'கருப்புப் பூனை'. அதன் வரலாற்றைப் பாலக்காட்டுப் பகுதியிலிருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். அவ்வரங்கைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது நிழற்கூத்து என்பதே நம் விடை.

1885-இல் அம்மதுச்சாலை பெரியதொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பொம்மலாட்டத்துக்கென அமைந்திருந்த மேடையின் வாயிலில் ஆன்றி ரிவியேர் என்ற இளம் ஓவியர் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, நண்பர் ஒருவர் பாடிக்கொண்டிருக்கையில் அட்டை உருவங்களின் நிழலை அதன்மேல் நகர்த்தினாராம். விளையாட்டாகத் தொடங்கிய அது ஓரிரு ஆண்டுகளில் துத்தநாகத் தகட்டில் வெட்டிய உருவங்களும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட பெருங்கலையாயிற்று. நெப்போலியனின் போர்களைக் காட்டிய 'காவியம்' 1886-இலும், மூன்று அரசர்கள் விண்மீனைப் பின்தொடர்ந்த கதை 1890-இலும் அரங்கேறின. எரிக் சாத்தி என்னும் இசைமேதை சில காலம் அங்குப் பியானோ வாசித்ததும் உண்டு.

ஐரோப்பியர் இக்கலையைச் 'சீன நிழல்' என்றே வழங்கினர். அதே ஆண்டுகளில் பாரதப்புழைக் கரையின் பகவதி கோயில்களில், இருபத்தொரு தேங்காய்முறி விளக்குகளின் ஒளியில், மான்தோற் பாவைகள் கம்பனின் இராமகாதையை நடத்திக்கொண்டிருந்தன என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. தமிழராகிய நாமே எவ்வளவு அறிந்திருந்தோம்?

இவ்விரு அரங்குகளையும் ஒப்புநோக்குவார் பலரும் தோலையும் தகட்டையும், விளக்கையும் திரையையும் ஒப்பிட்டு நின்றுவிடுகின்றனர். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. நிழல் ஊமையானது, அதற்கு உயிர் கொடுப்பது குரலே. பாரிசில் அக்குரல் சாலீசுடையது. காட்சிகள் நகர நகர, அவரே அருகில் நின்று அன்றாட அரசியலையும் வந்திருந்த செல்வரையும் கிண்டல் செய்து, வாய்க்கு வந்தபடி விளக்கம் சொல்வார். கூத்துமாடத்தில் அவ்விடத்தைப் பெறுவோர் புலவர்கள். முதலில் பட்டர்ப் பாவைகள் திரையில் தோன்றித் தெய்வத்தையும் குருவையும் கூத்து நடத்துவோரையும் வாழ்த்தும். (பாலக்காட்டுத் தமிழந்தணரைப் 'பட்டர்' என்றே மலையாளத்தார் அழைப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.) பின்னர்ப் பாடல் ஒன்று, அதற்கு உரை, உரைக்குள் வினா, விடை, வடமொழி மேற்கோள், கிளைக்கதை. ஒரு பாடலுக்கான உரை நெடுநேரம் நீள்வது அங்கே இயல்பு.

அவ்வுரை கம்பனை அப்படியே ஒப்பித்துவிடுவதன்று. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் கதை கம்பனில் இல்லை, கூத்தில் உண்டு. தவத்திலிருந்த அவனை இலக்குவன் அறியாமலே கொன்றுவிடுகிறான். இந்நிகழ்ச்சி ஒன்று முன்னே வந்துவிட்டால், பஞ்சவடிக்கு வரும் அரக்கியை நாம் காமத்தால் மட்டும் தூண்டப்பட்டவளாகப் பார்க்க முடிவதில்லை. மகனை இழந்த தாயின் துயரமும் உடன் வருகிறது. இதனைப் 'பிழைபட்ட கம்பன்' என்று ஒதுக்குவது எளிது. கம்பனைப் படித்து, அவனோடு வாதிட்ட ஒரு திறனாய்வு மரபு என்று கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து. வீட்டில் மலையாளம் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக இவ்வாதத்தைத் தமிழ்ப் பாடலின்மேல் நடத்தி வந்திருக்கின்றனர். கம்பன் விழாக்களில் பட்டிமன்றம் கேட்டுக் களிக்கும் நாம், இந்தப் பட்டிமன்றத்தை ஏன் கேட்கத் தவறினோம்?

கேட்பார் இல்லை என்பதே உண்மை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட நூலில், திரைக்கு முன்னே எவரும் இல்லாமலே இரவு முழுவதும் கூத்து நடப்பதை விரிவாக எழுதினார். புலவர்கள் ஒருவருக்கொருவரே கேள்வியும் கேட்போருமாக அமைகின்றனர். தாரிகனோடு பொருதமையால் இராம-இராவணப் போரைக் காணாத பத்திரகாளிக்காக நடப்பது இக்கூத்து என்பது ஐதிகம். ஆகவே மணல் வெறுமையாகக் கிடந்தாலும் கூத்து நிற்பதில்லை. 'கருப்புப் பூனை'க்கோ மது வாங்குவார் வந்தாக வேண்டும். 1897-இல் சாலீஸ் மறைந்தார், அரங்கும் மூடப்பட்டது. அதன் நிழல் அதே ஆண்டில் பார்சிலோனாவின் 'நான்கு பூனைகள்' அரங்கில் தொடர்ந்தது என்றாலும், சாலீசின் வாய்மொழி அவரோடு போயிற்று.

இன்று கூத்துமாடத்துக்கும் வெளியே மேடைகள் கிடைத்துள்ளன. 2021-இல் கே. கே. இராமச்சந்திரப் புலவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்கள் குழுவொன்றும் தோன்றிப் பாவைகளை ஏந்தியது. இவை மகிழத்தக்கன. ஆயினும் இருபத்தொரு இரவுக் கதையை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கும்போது எது வெட்டுப்படுகிறது? போர் வெட்டுப்படுவதில்லை, அனுமன் வாலும் வெட்டுப்படுவதில்லை. வெட்டுப்படுவது உரையே. தோலும் விளக்கும் பயணம் போகின்றன. வாதம் மாடத்திலேயே தங்கிவிடுகிறது. பார்வையாளரைப் பெறுவதற்காகக் கூத்து, பார்வையாளர் இல்லாதபோது தான் வளர்த்துவைத்திருந்த செல்வத்தை விலையாகக் கொடுக்கிறது.

நாம் சென்றிருந்த ஓர் இரவில் திரைக்கு முன்னே நால்வர் இருந்தோம், இருவர் உறங்கிவிட்டனர். நள்ளிரவுக்குப் பின் மாடத்தின் உள்ளே சென்று பார்த்தோம். முதிய புலவர் ஒருவர் பாடலின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல, இளையவர் அதை மறுத்துப் பிறிதொரு பொருள் சொன்னார். முதியவர் சற்றுச் சிந்தித்து, கையிலிருந்த பாவையைத் திரையில் குத்தி நிறுத்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து அப்பாடலைப் பாடத் தொடங்கினார்.